வியாபாரச் செய்தியில் நமக்குப் பாடம் இருக்கிறதா?

(வாசகர் வட்டத்தின் இணைய இழை; எழுதுகிறவர்கள் புனைபெயரில்)

முகப்பு (காரைக்குடி)

நம் வாசகர் வட்டத்துக்கு ஒரு யோசனை. மாதம் ஒரு புத்தகம் படித்துப் பேசுவது அப்படியே நடக்கட்டும். அதோடு ஆளுக்கொரு நோட்டுப் போடுவோம். வாரா வாரம் அதில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: படித்த வியாபாரச் செய்தி ஒன்று, கண்ணெதிரே நடந்தது ஒன்று, புத்தகத்தில் மனதில் நின்ற இடம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கீழே, அதிலிருந்து எனக்காக நான் எடுத்துக்கொள்வது என்ன என்று ஒரு வரி. மாதக் கூட்டத்தில் விருப்பமுள்ளவர்கள் வாசிக்கலாம்.

செட்டிநாட்டில் வளர்ந்தவர்களுக்கு வியாபாரச் செய்தி அன்னியமான விஷயம் இல்லை. 1937 பிப்ரவரி 10ஆம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தார் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1900இல் பர்மாவின் மௌல்மேனில் வட்டிக்கடை தொடங்கிய பள்ளத்தூர் முருகப்பச் செட்டியார் குடும்பம், இரண்டாம் உலகப் போர் வருவதற்கு முன்பே மூலதனத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டது. 1949இல் சைக்கிள் தயாரிப்பில் இறங்கியது, 1981இல் பாரி கம்பெனியையே வாங்கியது. அதே பர்மாவில் கடை வைத்திருந்த எத்தனையோ பேர் 1942இல் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கால்நடையாக வந்து சேர்ந்தார்கள்.

என் கணிப்பில் வித்தியாசம் ஒன்றுதான். வருமானம் நன்றாக இருக்கும்போதே அடுத்த வழியைத் தயார் செய்தவர்கள் தப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிறேன், சம்பளத்துக்குக் குறையில்லை. ஆனாலும் மாலை நேரத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமிங் படிக்கிறேன். அதற்கு உந்துதல் இந்தக் கதைகள்தான். என்ன சொல்கிறீர்கள்?

பேரேடு (பள்ளத்தூர்)

தம்பி, நோட்டுப் போடுவதை வரவேற்கிறேன். கீழே எழுதச் சொல்கிறீர்களே அந்த ஒரு வரி, அதை எதிர்க்கிறேன். வங்கியில் கடன் மனுக்களைப் படித்தே ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1930இல் உலகமெங்கும் பொருளாதாரம் சரிந்தது, நெல் விலை விழுந்தது. பர்மிய விவசாயியால் வட்டியும் கட்ட முடியவில்லை, அசலும் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930 வாக்கில் செட்டியார்களிடம் இருந்தது சுமார் 6 சதவீத நிலம். 1938 வாக்கில் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. அந்த நிலத்தை யாரும் ஆசைப்பட்டு வாங்கவில்லை. ரொக்கமாக இருந்த முதல், அந்த எட்டு வருடத்தில் நிலமாக முடங்கிப்போனது. நல்ல விலைக்கு வாங்க ஆளில்லை. அப்படி மாட்டிக்கொண்டவரைப் பார்த்து, 'முன்கூட்டியே அடுத்த வழி தேடியிருக்க வேண்டும்' என்று இன்றைக்கு உட்கார்ந்து சொல்வது சுலபம்.

சரி, அடுத்த வழி தேடியவர்கள் எல்லோரும் தப்பினார்களா? பர்மாவோடு நிற்காமல் மலாயாவிலும் கடை வைத்த குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. உங்கள் பாடத்தின்படி அவர்கள் முன்யோசனை உள்ளவர்கள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கினான். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. இரண்டு இடத்திலும் கடை வைத்தவருக்கு ஒரே குளிர்காலத்தில் இரண்டும் போனது. இந்தியாவுக்கு மாற்றியவரும் மலாயாவுக்கு மாற்றியவரும் செய்த காரியம் ஒன்றுதான். ஒருவருடைய கதை நமக்குப் பாடமாகிறது. இன்னொருவருடைய கதையை அவர் பேரப்பிள்ளைகூடச் சொல்வதில்லை.

அதனால்தான் சொல்கிறேன். முடிவு தெரிந்த பிறகு எழுதப்படும் பாடம் எப்போதும் பொருந்தும். எதற்கும் பொருந்துகிற பாடத்தால் யாருக்கும் பயனில்லை. தன்னை முன்னேற்றிக்கொள்ள விரும்புகிறவருக்கு நான் சொல்வது ஒன்றே: தன் கணக்கை எழுதுங்கள். வரவு, செலவு, போன நேரம், கொடுத்த வாக்கு. மாதக் கடைசியில் ஐந்தொகை போடுங்கள், அதாவது இருப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பாருங்கள். மற்றவன் கம்பெனி எப்படிப் போனால் நமக்கென்ன?

விருசுழி (தேவகோட்டை, இப்போது சென்னை)

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். மற்றவன் கம்பெனி எப்படிப் போகிறது என்பது எனக்கு முக்கியம்.

கிரீஷ் மாத்ருபூதம் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வீடு மாறி வரும்போது அவருடைய டிவி உடைந்து வந்தது. இன்சூரன்ஸ் பணம் கேட்டு அலைந்தும் கிடைக்கவில்லை. நடந்ததை இணையத்தில் ஒரு குழுவில் எழுதினார், பணம் வந்துவிட்டது. வாடிக்கையாளர் நாலு பேர் முன்னால் பேசினால் கம்பெனி அசைகிறது என்று அவருக்கு அப்போது உறைத்தது. பிறகு வேறொரு மென்பொருள் விலையைத் திடீரென்று ஏற்றி, வாடிக்கையாளர்கள் கொதித்துப்போன செய்தியைப் படித்தார். 2010இல் கம்பெனி ஆரம்பித்தார். 2021 செப்டம்பரில் அது ஃபிரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது.

நான் கம்பெனி ஆரம்பிக்கப் போவதில்லை. வாடிக்கையாளர் சேவையில் வேலை பார்க்கிறேன். இந்தக் கதையைப் படித்த பிறகு, கோபமாக வரும் மெயிலைத்தான் காலையில் முதலில் திறக்கிறேன். முன்பெல்லாம் அதைக் கடைசிக்குத் தள்ளுவோம், எல்லோரும் அப்படித்தான். இப்போது அதில்தான் வேலை கற்றுக்கொள்கிறேன். எனக்கு இது போதும். அவர் ஜெயித்தது அதிர்ஷ்டமா திறமையா என்ற கேள்விக்கே நான் போகவில்லை.

அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையையும் நினைத்துப் பாருங்கள். 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தினார்கள். ஒரே கம்பெனி, ஒரே வேலை என்று இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

செம்மண் (சாக்கோட்டை பக்கம்)

விருசுழி, கடைசிப் பத்தியை ஒரு தடவை நீங்களே திரும்பப் படியுங்கள்.

நோக்கியா ஆலை ஏன் நின்றது? வரித் தகராறில் ஆலையின் சொத்து முடக்கப்பட்டது. அதனால் 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனபோது இந்த ஆலை அதில் சேரவில்லை. கொஞ்ச நாள் மைக்ரோசாஃப்டுக்கே போன் செய்து கொடுத்தார்கள், அந்த ஆர்டரும் நின்றது. இதில் அங்கே வேலை பார்த்த பெண்பிள்ளை எதைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்? பிளஸ் டூ முடித்து, ஊரைவிட்டு வந்து, ஷிப்டில் நின்று, வீட்டுக்குப் பணம் அனுப்பியவள். அரசாங்கத்துக்கும் கம்பெனிக்கும் நடக்கும் வழக்கை அவள் முன்கூட்டியே கணித்திருக்க வேண்டுமா? ஒரு கம்பெனி விழுந்ததும் அதை வேலை போனவனுக்கான புத்திமதியாக மாற்றுகிற பழக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை. தவறு மேலே நடக்கிறது, பாடம் கீழே இருப்பவனுக்கு எழுதப்படுகிறது.

பர்மா கதையிலும் இதுதான். இங்கே பேசிய இருவருமே கடன் கொடுத்தவர் பக்கம் நின்று பேசினீர்கள். முதல் முடங்கியது, கடை போனது, எல்லாம் சரி. அந்த 25 சதவீத நிலத்தை முன்பு உழுதவன் யார்? அவன் எந்த நோட்டில் வருவான்? நான் விவசாயக் குடும்பம். எங்கள் பாட்டனும் விளைச்சல் இல்லாத வருடங்களில் நிலத்தை ஈடு வைத்தவர்தான். 1930இல் நெல் விலை விழுந்ததும் எப்பேர்ப்பட்ட உழைப்பாளியும் கடன்காரன் ஆனான். அவன் கதையைச் சேர்க்காமல் எடுக்கும் பாடம் எதுவாக இருந்தாலும் பாதிப் பாடம்தான்.

விருசுழி

அண்ணே, நோக்கியா தொழிலாளர்கள் மேல் பழி போடவில்லை. நாளைக்கு எனக்கு அப்படி நேர்ந்தால் என்ன செய்வேன் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கேள்வியே கூடாது என்கிறீர்களா?

செம்மண்

கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குப் பதில், 'நான் இன்னும் நாலு வேலை கற்றுக்கொள்ள வேண்டும்' என்பது மட்டும்தானா? சங்கம் வேண்டும், வேலை போனால் நஷ்டஈடு ஒழுங்காக வர வேண்டும் என்பதும் பதில்தான். தன்முன்னேற்றம் என்று பேச ஆரம்பித்தால் இரண்டாவது பதில் மட்டும் காணாமல் போய்விடுகிறது. என் கோபம் அதில்.

மனகோலம் (கோட்டையூர்)

வேலைக்கு நடுவே படித்தேன். ஆண்டுக்கணக்குகளை நீங்கள் பேசுங்கள். நான் பலகாரம் போட்டு விற்கிறேன், என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

பேரேடு ஐயா சொன்ன மாதிரி கணக்கு எழுதும் பழக்கம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு. உளுந்து, அரிசி, எண்ணெய், சிலிண்டர், கூட வேலை செய்யும் பெண்களின் கூலி, இதோடு என் கூலியையும் செலவில் எழுதுவேன். வீட்டுப் பெண்கள் தொழில் செய்யும்போது அதைத்தான் விட்டுவிடுகிறோம், அதனால் நஷ்டமே லாபம் மாதிரித் தெரியும். அப்படி எழுதியதால்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. மாவுருண்டையில் நிற்கும் பணம் தேன்குழலில் நிற்கவில்லை. தேன்குழலுக்கு எண்ணெய் அதிகம், நின்று பிழிய ஆள் வேண்டும், பழைய எண்ணெயில் போட்டால் காறல் வாடை வந்துவிடும் என்பதால் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும்.

சரி, கணக்கு எனக்கு இதைச் சொல்லிவிட்டது. அடுத்து என்ன செய்ய? அதைக் கணக்கு சொல்லாது. நோயைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனைத் தாள் மாதிரிதான் அது, மருந்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

அப்போதுதான் சிக் ஷாம்பு கதையைப் படித்தேன். கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் போட்டு ஆரம்பித்தது. பாட்டில் வாங்க முடியாதவர்களுக்குச் சின்ன பாக்கெட். கொஞ்ச நாள் கழித்து, காலி பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்று திட்டம். படித்தவுடனே நானும் சின்ன பாக்கெட் போடலாம் என்று தோன்றியது. இயந்திரம் வாங்குவதற்கு முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒத்துவரவில்லை. ஷாம்பு உடையாது, தேன்குழல் உடையும். பாக்கெட்டைச் சிறிதாக்கினால் உறைக்கும் ஒட்டுவதற்கும் ஆகும் செலவு பலகாரத்தின் விலையையே எட்டிப்பிடிக்கிறது. அந்தப் பாதியை விட்டுவிட்டேன்.

மற்றப் பாதியை எடுத்துக்கொண்டேன். பலகாரத்தை டின்னில் கொடுக்கிறேன், காலி டின்னைத் திருப்பிக் கொண்டுவந்தால் அடுத்த முறை விலையில் கழிவு. டின் செலவு குறைந்தது. அதைவிட முக்கியம், டின்னைக் கொடுக்க வருகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை.

பேரேடு ஐயா, செய்தியே வேண்டாம் என்று இருந்திருந்தால் தேன்குழலை நிறுத்தியிருப்பேன், அவ்வளவுதான்.

பேரேடு

ஆச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆனால் இது என் பக்கத்துக்கு ஆதாரம் என்றே நினைக்கிறேன். உங்களைக் காப்பாற்றியது இயந்திரம் வாங்குவதற்கு முன் போட்ட கணக்கு. அந்தக் கணக்குப் போடத் தெரியாதவர் அதே செய்தியைப் படித்திருந்தால் கடன் வாங்கி இயந்திரம் வாங்கியிருப்பார். அப்படி வாங்கியவர்களின் மனுக்களை நான் மேஜையில் பார்த்திருக்கிறேன். ஏதோ ஒரு பத்திரிகையில் வெற்றிக்கதை வந்தால், அடுத்த சில மாதங்களில் அதே தொழிலுக்குக் கடன் கேட்டு வருவார்கள். காளான், ஈமு, கற்றாழை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம்.

ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் ஞாபகம் இருக்கிறதா? கொங்குப் பக்கம் 2012இல் நிறுவனங்கள் வரிசையாக விழுந்தபோது, பறவையை என்ன செய்வது என்றே தெரியாமல் முதலீட்டாளர்கள் நின்றார்கள். விளம்பரத்தில் எல்லாம் நடப்பது போலத்தான் இருந்தது. மாதாமாதம் பணம் வரும் என்றார்களே தவிர, இறைச்சியை யார் வாங்குவார் என்று யாரும் கேட்கவில்லை. செய்தி படித்துப் பாடம் எடுத்தவர்கள்தான் அவர்களும்.

மனகோலம்

ஈமு விளம்பரத்தையும் வியாபாரச் செய்தியையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள் ஐயா. ஈமு விழுந்த செய்தியும் செய்திதான். இறைச்சியை யார் வாங்குவார் என்ற கேள்வியை இப்போது நீங்களே அதிலிருந்துதானே எடுத்தீர்கள்? இது பாடம் இல்லையென்றால் வேறு எது பாடம்?

கணக்கு எனக்குத் துணை என்பதை மறுக்கவில்லை. ஆனால் டின் யோசனை என் பேரேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அது வெளியிலிருந்துதான் வந்தது.

முகப்பு

ஆச்சி சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்கிறேன்.

பேரேடு ஐயாவுக்கு ஒரு புத்தகத்தைக் காட்டுகிறேன். காந்தி தன் சுயசரிதையில், லண்டனில் படித்த காலத்தில் பைசாவிடாமல் கணக்கு எழுதியதைச் சொல்கிறார். பஸ் கட்டணம், தபால் தலை, செய்தித்தாள் வாங்கிய சில்லறை, எல்லாவற்றையும் எழுதி, இரவு படுக்கப் போகும் முன் இருப்பைச் சரிபார்ப்பார். பிற்காலத்தில் லட்சக்கணக்கில் பொதுப்பணத்தைக் கையாண்டபோது கடனில் விழாமல் மிச்சம் காட்ட முடிந்ததற்கு அந்தப் பழக்கம்தான் காரணம் என்கிறார். நீங்கள் சொல்லும் அதே கணக்குப் பழக்கம். ஆனால் அதை இன்னொரு இளைஞன் எங்கே கற்றுக்கொள்கிறான்? அந்தப் பக்கத்தைப் படித்துத்தான். மற்றவர் வாழ்க்கையிலிருந்து பாடம் எடுக்கக் கூடாதென்றால் அந்தப் பக்கத்தையும் கிழிக்க வேண்டும்.

பேரேடு

அந்தப் பக்கத்தைக் கிழிக்க மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், நம் சண்டை இதில்தான் தெளிவாகும்.

காந்தி அங்கே சொல்வது ஒரு செய்கை. நாளைக் காலையே நானும் செய்து பார்க்கலாம். செய்தால் என் வீட்டில் என்ன மாறுகிறது என்று மாதக் கடைசியில் எனக்கே தெரியும். அவர் மகாத்மா ஆகாமல் போயிருந்தாலும் கணக்கு எழுதுவது நல்ல பழக்கம்தான். ஆனால், 'வருமானம் நன்றாக இருக்கும்போதே அடுத்த வழியைத் தயார் செய்' என்பது ஒரு முடிவைப் பார்த்துப் பின்னால் ஒட்டிய சீட்டு. எந்த வழி, எப்போது, எவ்வளவு முதல் என்று அதில் ஒன்றும் இல்லை. ஜெயித்தவர் பெயரை எடுத்துவிட்டால் அந்த வரியில் என்ன மிஞ்சும்?

நம் பழைய கடைகளிலும் செய்கை இருந்தது. வெளிநாட்டுக் கடைக்குப் போகும் ஏஜென்டுக்கு மூன்று வருடக் கணக்கு, அதாவது மூன்று வருடப் பொறுப்பு. அவர் முடித்து வரும்போது அடுத்து வருகிறவர் கணக்கைச் சரிபார்த்துத்தான் பொறுப்பை வாங்கிக்கொள்வார். கடையில் வேலை பழகும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, மேலாளாகி, ஏஜென்டாக உயர்வான். ஒவ்வொரு படியிலும் அவன் எழுதியதை இன்னொருவர் பார்ப்பார். இதை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் புரோகிராமிங் படிப்பில் நீங்கள் கற்றதைச் சரிபார்க்க ஒரு ஆள் இருக்கிறாரா? அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால் முன்னேறுவீர்கள். முருகப்பா குடும்பக் கதை அதற்குத் தேவையே இல்லை.

முகப்பு

இல்லை ஐயா. சரிபார்க்க ஆள் இல்லை. விருசுழி, மாதம் ஒரு தடவை நான் எழுதும் புரோகிராமைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஆனால் நான் வாதத்தை விடவில்லை. மாலை நேரத்தில் புத்தகத்தைத் திறக்க வைக்கிற உந்துதல் ஒன்று வேண்டும். அந்தப் பழைய குடும்பங்களின் கதை எனக்கு அதைத் தருகிறது. காரண காரியமாக அது நிற்காது என்று நீங்கள் காட்டிவிட்டால்கூட, என்னை உட்கார வைக்கும் வேலையை அது செய்கிறது.

விருசுழி

அனுப்புங்கள் அண்ணே, பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் வசதி.

செம்மண்

உந்துதல் பற்றிப் பேச்சு வந்ததால் இதைச் சொல்கிறேன். ஜெயித்தவர் என்று யாரைச் சொல்கிறோம் என்பதே எனக்குக் கேள்வி.

கோட்டையூர் அழகப்பச் செட்டியாரை உங்கள் நோட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்? 1947இல் கல்லூரி ஆரம்பித்தார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். 1957இல் செட்டியார் காலமானபோது வயது ஐம்பதுகூட ஆகவில்லை. சேர்த்ததையெல்லாம் கொடுத்துவிட்டுப் போனவர். வியாபாரப் பத்திரிகையின் கணக்கில் பார்த்தால் மூலதனத்தைக் கரைத்தவர் அவர். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி அந்தக் கல்லூரியில் படித்தவர். உழுதவன் வீட்டுப் பிள்ளை படிக்க இடம் கிடைத்ததே, அதை எந்த ஐந்தொகையில் காட்டுவது?

ஆகவே வியாபாரச் செய்தி படிப்போம் என்றால் படிப்போம், நான் வருகிறேன். பணக்காரர் ஆனவர் கதையாக மட்டும் இருக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நகைக்கடன் இருக்கிறது. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்குப் புது விதிகள் போட்டது. அது வியாபாரச் செய்தி இல்லையா? எங்கள் தெருவில் அதை முழுசாகப் படித்த ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. கோடீஸ்வரர் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பேரேடு ஐயா வங்கியில் இருந்தவர், அதை எங்களுக்கு விளக்கினால் ஆயிரம் புத்திமதிக்குச் சமம்.

பேரேடு

இதை முதலிலேயே கேட்டிருக்கக் கூடாதா செம்மண்? சந்தோஷமாகச் சொல்கிறேன்.

முதல் விஷயம், நகை மதிப்பில் எவ்வளவு கடன் தரலாம் என்பது. முன்பு பொதுவாக 75 சதவீதம்தான் உச்சம். புது விதியில், வீட்டுச் செலவு மாதிரி சொந்தத் தேவைக்கு வாங்கும் கடன் இரண்டரை லட்சம் வரை என்றால் 85 சதவீதம், அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 80, அதற்கும் மேல் பழையபடி 75. 2026 ஏப்ரல் 1ஆம் தேதிக்குள் எல்லோரும் இதற்கு மாற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதே நகைக்குக் கூடுதல் பணம் கிடைக்கும் என்று சந்தோஷப்படுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். முடிவில் அசலும் வட்டியும் ஒரே தடவையாகக் கட்டும் கடன் என்றால், கெடு நாளில் சேரும் வட்டியையும் சேர்த்துத்தான் அந்த 85 சதவீதத்தைக் கணக்குப் போட வேண்டும். கையில் கிடைப்பது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அந்த வகைக் கடனுக்குக் கெடுவும் 12 மாதத்தைத் தாண்டக் கூடாது.

இரண்டாவது விஷயம், கடனை முழுசாகக் கட்டிய பிறகு நகையை அன்றே தர வேண்டும், அதிகபட்சம் ஏழு வேலை நாள். தவறு அவர்கள் பக்கம் இருந்து தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். இதை எத்தனை பேர் கேட்டு வாங்குவார்கள்? தெரிந்தால்தானே கேட்பார்கள்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2020 நவம்பரில் லக்ஷ்மி விலாஸ் வங்கியில் பணம் எடுக்கக் கட்டுப்பாடு போட்டபோது, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். பத்து நாளில் டிபிஎஸ் வங்கியோடு இணைத்தார்கள், டெபாசிட் போட்டவர்களுக்குப் பணம் கிடைத்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. இரண்டையும் 'பாங்கில் போட்டிருக்கிறேன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. டெபாசிட்டுக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு இருக்கிறது, பங்குக்குக் கிடையாது.

விருசுழி

ஐயா, வியாபாரச் செய்தி எதற்கு என்று கேட்டவர் நீங்கள். இந்த இழையில் இதுவரை வந்ததில் அதிகம் பயன்படப்போகும் வியாபாரச் செய்தியும் உங்களுடையதுதான்.

பேரேடு

தம்பி, இது விதி. தெரிந்துகொண்டால் நாளைக்கே கேட்கலாம். நான் எதிர்த்தது கதையிலிருந்து குணத்தைப் பிழிந்தெடுப்பதை. அதை இப்போதும் எதிர்க்கிறேன்.

மனகோலம்

அப்படியென்றால் நோட்டில் எழுதும் வரியை மாற்றிவிடலாமே. 'நான் எடுத்துக்கொள்வது என்ன' என்பதற்குப் பதில், 'இதை வைத்து இந்த மாதம் நான் செய்து பார்ப்பது என்ன' என்று எழுதுவோம். அடுத்த மாதம் அதே வரிக்குப் பக்கத்தில் என்ன ஆனது என்று எழுத வேண்டும். பலகாரத் தொழிலில் நான் அப்படித்தான் செய்கிறேன்.

செம்மண்

அதோடு இன்னொரு வரியும் வேண்டும்: 'இதில் யாருக்கு நஷ்டம்.' அது இல்லாமல் நான் எழுத மாட்டேன்.

முகப்பு

இரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் என் ஒரு வரியை முழுக்க எடுக்க மனமில்லை, விரும்பியவர்கள் எழுதட்டும். முதல் கூட்டத்துக்கு நகைக்கடன் விதிகளையே எடுத்துக்கொள்வோம். செம்மண் பக்கத்து மகளிர் குழுவில் இருப்பவர்களையும் கூப்பிட்டால் என்ன? பேரேடு ஐயா பேச வேண்டும்.

பேரேடு

வருகிறேன். வங்கிச் சீட்டுகளை எல்லோரும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள், விதியை அதில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். நோட்டும் போடுகிறேன். உங்கள் அந்த ஒரு வரிக்கான இடத்தை மட்டும் காலியாகவே விடுவேன், அதற்கு வற்புறுத்தக் கூடாது.

முகப்பு

வற்புறுத்த மாட்டேன். ஆனால் கூட்டத்தில் ஏன் காலி என்று மறுபடியும் கேட்பேன்.

செம்மண்

எங்கள் பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். நடவு நேரம், பகலில் முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வையுங்கள், திரும்பிப் போக கடைசி பஸ்ஸையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.